ஹைட்ரஜன் வாயு சுவாசித்தால் சிவப்பணுக்களுக்கு என்ன ஆகும்? ஜி6பிடி குறைபாடு உள்ளவர் எடுக்கலாமா?

கதிரொளி:

மூக்குக் குழாய் வழியாக ஹைட்ரஜன் தரும் மெஷின் ஒன்று. நிமிடத்துக்கு 300 மி.லி. தரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கப்போகிறவருக்கு வயது 58. சர்க்கரை நோய் உண்டு. ஜி6பிடி (சிவப்பணுவை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் நொதி) குறைபாடும் உறுதியாகியிருக்கிறது. ஹீமோகுளோபின் 11.8.

விற்க வந்தவர்கள் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார்கள். "முன்னால் செல்லெல்லாம் ஒன்றோடொன்று அடுக்கி ஒட்டியிருந்தது, அரை மணி நேரம் ஹைட்ரஜன் எடுத்ததும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டது பாருங்கள்" என்கிறார்கள்.

கார்பன் மோனாக்சைடு மாதிரி இது ஹீமோகுளோபினில் போய் ஒட்டுமா? ஆக்சிஜன் சுமப்பது குறையுமா? ஜி6பிடி குறைபாட்டில் சிவப்பணு உடையுமா? அந்த மைக்ராஸ்கோப் படத்தை நம்பலாமா? முன்னும் பின்னும் எந்தப் பரிசோதனை எடுத்தால் உண்மை தெரியும்? அளவுகளோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

குருதியியல்_மணி:

ஒட்டாது. கார்பன் மோனாக்சைடு, ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைப் பிடிக்கும் ஹீம் என்ற பகுதியின் இரும்போடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைகிறது. அப்படிப் பிணைய எலக்ட்ரான் இணை ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஹைட்ரஜன் மூலக்கூறிடம் அதற்கு வழியில்லை. அதை உடைக்கும் ஹைட்ரஜனேஸ் நொதி சில பாக்டீரியாக்களிடம் உண்டு, மனித செல்லில் இல்லை. ஆகவே ரத்தத்தில் அது வெறுமனே கரைந்து போகிறது, வருகிறது.

எவ்வளவு கரையும்? தூய ஹைட்ரஜன் 1 வளிமண்டல அழுத்தத்தில் நீரில் லிட்டருக்குச் சுமார் 0.75 மில்லிமோல் கரையும். ஆய்வுகளில் வழக்கமாகத் தருவது 2% கலவை. அப்படியானால் ரத்தத்தில் அதிகபட்சம் 15 மைக்ரோமோல், அதாவது ஒரு லிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 0.3 மி.லி. வாயு. அதே ஒரு லிட்டர் ரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் சுமார் 200 மி.லி. குழாயை எடுத்த சில நிமிடங்களில் பெரும்பகுதி நுரையீரல் வழியாகவே வெளியேறிவிடும். 1964ல் ஆக்லாண்டும் கூட்டாளிகளும் திசுக்களின் ரத்த ஓட்டத்தை அளக்க ஹைட்ரஜனைத் தேர்ந்தெடுத்ததே இதனால்தான்: சுவாசிக்கக் கொடுத்து, திசுவில் வைத்த பிளாட்டினம் மின்முனையில் அது எவ்வளவு வேகமாகக் கழுவிப் போகிறது என்று பார்த்தார்கள். எதனோடும் பிணையாத வாயு என்றால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும்.

இதைவிடப் பெரிய சான்று ஆழ்கடல் மூழ்குதலில் இருக்கிறது. பிரான்சின் கோமெக்ஸ் நிறுவனம் 1988ல் நடத்திய ஹைட்ரா 8 சோதனையில் மூழ்குநர்கள் 530 மீட்டர் ஆழ அழுத்தத்தில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன் கொண்ட கலவையைச் சுவாசித்து வேலை செய்தார்கள். 1992ல் ஹைட்ரா 10ல், அழுத்த அறையில், 701 மீட்டர்வரை போனார்கள். 530 மீட்டரில் ஹைட்ரஜனின் பகுதி அழுத்தம் 2% கலவையில் உள்ளதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். அங்கே ஹைட்ரஜனின் அளவுக்கு வரம்பு போட்டது அது மூளைக்குத் தரும் மயக்கம்தான், சிவப்பணுச் சிதைவு அல்ல.

ஆக்சிஜன் குறையுமா என்பது கலவையைப் பொறுத்தது. காற்றில் 2.5% ஹைட்ரஜன் கலந்தால் ஆக்சிஜன் 20.9லிருந்து 20.4 ஆகும், பொருட்படுத்த வேண்டியதில்லை. முகத்தோடு இறுக்கிய மாஸ்க்கில் தூய ஹைட்ரஜனை விட்டால் கதையே வேறு, சில மூச்சுகளில் நினைவு தப்பும். மூக்குக் குழாய்க்குப் பதில் மாஸ்க் மாட்டவே கூடாது.

மனிதரில் நீண்ட நேரம் கொடுத்துப் பார்த்ததில் நல்ல பாதுகாப்பு ஆய்வு 2021ல் அமெரிக்காவில் வந்தது. ஆரோக்கியமான 8 பேருக்கு 2.4% ஹைட்ரஜன், நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம், 24 முதல் 72 மணி நேரம்வரை. மருத்துவ முக்கியத்துவம் உள்ள பாதகம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவர்கள் ஆரோக்கியமானவர்கள், ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் அல்ல. அந்த எட்டுப் பேரை வைத்து உங்கள் ஆளுக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

ஜி6பிடி குறைபாட்டில் சிவப்பணுவை உடைப்பது ஆக்சிஜனேற்ற அழுத்தம். பிரைமாகுயின், டாப்சோன், ராஸ்புரிகேஸ் போன்ற மருந்துகள் அதைக் கூட்டும். ஹைட்ரஜன் எதிர்ப்புறம் நிற்கும் வாயு, ஆக்சிஜனேற்றி அல்ல. எனவே தூய ஹைட்ரஜனால் சிதைவு வர வேதியியல் காரணம் ஒன்றும் இல்லை. நான் கவலைப்படுவது அதனோடு சேர்ந்து வருபவற்றைப் பற்றி. ஹைட்ரஜனோடு ஓசோன் சிகிச்சையும் சேர்த்து "பேக்கேஜ்" சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். ஜி6பிடி குறைபாட்டில் ஓசோன் கூடவே கூடாது.

வினைவேகம்:

மணி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். "ஹைட்ரஜன் கெட்ட ராடிக்கல்களை மட்டும் தேடிப்பிடித்து அழிக்கிறது" என்று எல்லா விளம்பரத்திலும் வருகிறது. ராடிக்கல் என்பது அருகில் உள்ளதை உடனே தாக்கும் நிலையற்ற மூலக்கூறு. இதன் வேர் 2007ல் ஓட்டா குழுவினர் ஜப்பானிலிருந்து வெளியிட்ட நேச்சர் மெடிசின் கட்டுரை. எலிகளில் மூளை ரத்த ஓட்டம் தடைப்பட்டு மீளும்போது ஹைட்ரஜன் சுவாசம் சேதத்தைக் குறைத்தது, ஹைட்ராக்சில் ராடிக்கலைத் தேர்ந்து தணிக்கிறது என்றார்கள். எலியில் கண்ட பலன் ஒரு புறம் இருக்கட்டும். சிவப்பணுவுக்குள் அந்த விளக்கம் நிற்குமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஹைட்ராக்சில் ராடிக்கல் ஹைட்ரஜனோடு வினைபுரியும் வேக மாறிலி சுமார் 4 கோடி (லிட்டர்/மோல்/வினாடி). செல்லின் சொந்தப் பாதுகாப்புப் பொருளான குளுட்டாதயோனோடு அது சுமார் 1,000 கோடி. சிவப்பணுவில் குளுட்டாதயோன் 2 மில்லிமோல் அளவில் இருக்கிறது, ஹைட்ரஜன் 15 மைக்ரோமோல். செறிவையும் மாறிலியையும் பெருக்கினால் குளுட்டாதயோன் பக்கம் வினாடிக்கு 2 கோடி, ஹைட்ரஜன் பக்கம் 600 சொச்சம். முப்பதாயிரம் மடங்கு வித்தியாசம். இதில் ஹீமோகுளோபினைச் சேர்க்கவே இல்லை. அது செல்லுக்குள் இன்னும் அடர்த்தியாக நிறைந்திருக்கிறது, ராடிக்கல் பிறந்த இடத்திலேயே அதில்தான் மோதும். ஆக நேரடியாக ராடிக்கலைப் பிடிக்கும் வேலையில் ஹைட்ரஜனின் பங்கு சிவப்பணுவில் புறக்கணிக்கத்தக்கது.

இன்னொரு விளக்கம், ஹைட்ரஜன் என்ஆர்எஃப்2 என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தைத் தூண்டிப் பாதுகாப்பு நொதிகளைக் கூட்டுகிறது என்பது. மற்ற செல்களில் நடக்கலாம். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை, மரபணு இல்லை, புதிதாக நொதி செய்ய முடியாது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் செல்களில் மாற்றம் நிகழ்ந்தாலும், சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்பதால் ரத்தத்தில் அது தெரிய வாரக்கணக்கில் ஆகும். அரை மணி நேரத்தில் தெரிகிறது என்றால் காரணம் வேறு.

மூன்றாவதாக, ஹீமின் இரும்பு-போர்ஃபிரின் அமைப்பே ஹைட்ரஜனை உணர்ந்து வினையூக்கியாகச் செயல்படுகிறது என்ற கருத்து அண்மையில் முன்வைக்கப்பட்டிருக்கிறது. சிவப்பணுவில் ஹீம் நிறைந்திருப்பதால் இது கவனிக்க வேண்டிய கருத்துதான், ஆனால் இன்னும் கருதுகோள் நிலையைத் தாண்டவில்லை.

அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ரஷ்யாவின் நிஷ்னி நோவ்கோரோதில் இதயச் செயலிழப்பு உண்டாக்கிய எலிகளிலும், இதய அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களிலும் ஹைட்ரஜன் சுவாசம் கொடுத்துச் சிவப்பணுக்களை ஆராய்ந்திருக்கிறார்கள். சவ்வுக் கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தைக் காட்டும் மாலோன்டைஆல்டிஹைட் குறைந்ததும், மின்புலத்தில் செல் நகரும் வேகம் கூடியதும் எலிகளில் பதிவாகியுள்ளன. அந்த வேகம் செல் மேற்பரப்பின் எதிர்மின்னூட்டத்தைக் காட்டுகிறது. மின்னூட்டம் கூடினால் செல்கள் ஒன்றையொன்று தள்ளும், ஒட்டுவது குறையும். ஆக "ஒட்டாமல் பிரிகிறது" என்பதற்கு ஓர் அடிப்படை இல்லாமல் இல்லை. ஆனால் அவை நோயுற்ற உடலில், ஆய்வகக் கருவியில் அளந்த மாற்றங்கள். விற்பனை மேசையில் ஒரு சொட்டில் காட்டும் படத்துக்கு அதைச் சான்றாகக் கொண்டுவர முடியாது.

ஆய்வகம்_செல்வி:

அந்தப் படத்தைப் பற்றி. செல்கள் அடுக்காக ஒட்டுவதை ரூலோ என்போம். ரத்தத்தில் ஃபைப்ரினோஜனும் குளோபுலினும் கூடினால் வரும், ஈஎஸ்ஆர் (சிவப்பணு குழாயில் படியும் வேகம்) கூடுவதும் அதனால்தான். விரல் சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மூடுகண்ணாடி போட்டால், சொட்டு தடிமனாக உள்ள இடத்தில் எல்லோருக்கும் அடுக்கு தெரியும். மெல்லிய ஓரத்தில் எல்லோருக்கும் தனித்தனியாகத் தெரியும். முதல் தகட்டில் நடுவையும் இரண்டாவதில் ஓரத்தையும் காட்டினால் போதும், எந்த வாயுவும் தேவையில்லை. விரலைப் பிழிந்து எடுப்பது, முதல் சொட்டைத் துடைக்காமல் விடுவது, ஸ்பிரிட் காயாமல் குத்துவது, இடையில் தண்ணீர் குடிக்கக் கொடுப்பது, தகடு எத்தனை நிமிடம் கிடந்தது என்பது எல்லாமே படத்தை மாற்றும்.

நியாயமாகச் செய்து பார்க்க வேண்டுமென்றால் நரம்பிலிருந்து இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் ரத்தம் எடுங்கள். ஒரு நாள் ஹைட்ரஜன், இன்னொரு நாள் அதே மெஷின் சத்தத்தோடு வெறும் காற்று. எது எந்த நாள் என்பது வாயு எடுப்பவருக்கும் தெரியக் கூடாது, தகடு பார்ப்பவருக்கும் தெரியக் கூடாது. தகட்டில் செல்கள் ஒற்றை அடுக்காக உள்ள பகுதியை மட்டும் பார்க்க வேண்டும். ரத்தம் எடுத்து எத்தனையாவது நிமிடத்தில் பார்ப்பது என்பதையும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

சிவப்பணு உடைகிறதா என்பதற்கு எளிய தொகுப்பு: முழு ரத்த எண்ணிக்கை, ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவான சிவப்பணு), எல்டிஹெச் (செல் உடைந்தால் வெளிவரும் நொதி), நேரடியல்லாத பிலிருபின் (ஹீமோகுளோபின் சிதைவில் வரும் மஞ்சள் நிறமி), ஹாப்டோகுளோபின் (வெளிப்பட்ட ஹீமோகுளோபினைப் பிடிக்கும் புரதம்), சிறுநீரில் ஹீமோகுளோபின். தொடங்கும் முன் ஒரு முறை, 3ஆம் நாள், 7ஆம் நாள், பிறகு மாதம் ஒரு முறை போதும். ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். குழாயில் ரத்தத்தை வேகமாக இழுத்தாலோ குலுக்கினாலோ மாதிரியிலேயே செல் உடைந்து எல்டிஹெச்சும் பொட்டாசியமும் கூடிக் காட்டும். ஹாப்டோகுளோபின் மட்டும் அப்படி ஏமாற்றாது, உடலுக்குள் சிதைந்தால்தான் குறையும். கல்லீரல் நோய் இருந்தால் அது தானாகவே குறைவாக இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சவ்வின் வலிமையையும் பார்க்க வேண்டுமென்றால் ஆஸ்மாடிக் ஃபிரஜிலிட்டி, அதாவது நீர்த்த உப்புக் கரைசலில் செல் எப்போது உடைகிறது என்று பார்க்கும் சோதனை. ஹெப்பாரின் குழாயில் எடுத்து 2 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். 0.9% முதல் 0.1% வரை படிப்படியாக நீர்த்த உப்புக் கரைசல், பிஹெச் 7.4, ஒவ்வொன்றிலும் 5 மி.லி.க்கு 50 மைக்ரோலிட்டர் ரத்தம். அறை வெப்பநிலையில் 30 நிமிடம் வைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல் நீரை 540 நானோமீட்டரில் படிக்க வேண்டும். சாதாரண ரத்தத்தில் பாதி செல்கள் உடையும் உப்பு அளவு 0.40 முதல் 0.445% வரை. 20 டிகிரியில் சொல்லப்பட்ட அளவு அது. நம் ஊரில் ஏசி இல்லாத அறை 32 டிகிரி இருக்கும். ஹைட்ரஜன் நாளில் ஒரு வெப்பநிலை, காற்று நாளில் ஒரு வெப்பநிலை என்றால் வித்தியாசம் வாயுவால் வந்ததா அறையால் வந்ததா என்று சொல்ல முடியாது. சாதாரண நபர் ஒருவரின் ரத்தத்தையும் கூடவே ஓட்டுங்கள்.

சர்க்கரை நோய் என்பதால் ஒன்று முக்கியம். சிவப்பணு சீக்கிரம் அழிந்தால் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) பொய்யாகக் குறையும், ஏனென்றால் சர்க்கரை ஒட்ட செல்லுக்கு நாள் போதவில்லை. ஜி6பிடி குறைபாட்டில் இது தெரிந்த சங்கதி. மூன்று மாதம் ஹைட்ரஜன் எடுத்தபின் ஹெச்பிஏ1சி 8லிருந்து 7 ஆனால் "பார்த்தீர்களா பலனை" என்பார்கள். ரெட்டிகுலோசைட் கூடியிருக்கிறதா என்று பார்க்காமல் மருந்தைக் குறைத்துவிடாதீர்கள். சிவப்பணுவைச் சாராமல் சர்க்கரையைக் காட்டும் ஃப்ருக்டோசமின் எடுத்து ஒப்பிடுங்கள்.

கதிரொளி:

நன்றி. கூடுதல் விவரம்: மெஷினுக்கு வரும் அடாப்டர் 12 வோல்ட் 2 ஆம்பியர். இன்னொரு தரப்பு "இவ்வளவு பணம் எதற்கு, உப்புத் தண்ணீரில் கரண்ட் விட்டாலே ஹைட்ரஜன் வரும், இல்லையென்றால் துத்தநாகத்தில் ஆசிட் ஊற்றினால் போதும்" என்கிறது. இதில் சிவப்பணுவுக்கு ஏதும் ஆபத்து உண்டா?

மின்கலன்:

அடாப்டரைச் சொன்னீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. மின்பகுப்பில் ஒரு செல்லில் (ரத்தச் செல் அல்ல, இரண்டு மின்முனைகள் கொண்ட ஓர் அறை) 1 ஆம்பியர் ஓடினால் நிமிடத்துக்கு 7.6 மி.லி. ஹைட்ரஜன் வரும் (25 டிகிரியில்). ஃபாரடே விதி, இதில் யாரும் பேரம் பேச முடியாது. 300 மி.லி. வேண்டுமென்றால் செல் எண்ணிக்கையையும் ஆம்பியரையும் பெருக்கினால் 40 வர வேண்டும், உதாரணமாக 4 செல், 10 ஆம்பியர். ஒரு செல்லுக்கு 1.9 வோல்ட் என்றால் 76 வாட். உங்கள் அடாப்டர் 24 வாட்தான். அது 100 மி.லி.யைத் தாண்டாது.

கையாலும் சோதிக்கலாம். 500 மி.லி. அளவுக் குடுவையில் நீர் நிரப்பி, நீர்த் தொட்டியில் கவிழ்த்து, மெஷின் குழாயை உள்ளே விடுங்கள். 300 மி.லி. மெஷின் என்றால் 100 வினாடியில் நிரம்ப வேண்டும். பிடித்த வாயுவை ஜன்னல் வழியே வெளியே விடுங்கள், அருகில் விளக்கு, ஊதுபத்தி எதுவும் வேண்டாம்.

300 வந்தாலும் அத்தனையும் நுரையீரலுக்குப் போகாது. ஓய்வில் நிமிடத்துக்கு 6 லிட்டர் மூச்சு, அதில் உள்ளிழுக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்கு. மூச்சு விடும்போது வருவது வீண். ஆக உள்ளே போகும் செறிவு 1.7 முதல் 5%க்குள். 100 மி.லி. மெஷினில் 0.6 முதல் 1.7%. ஆய்வுகளின் 2%ஐ அது எட்டவே எட்டாது.

காற்றில் 4 முதல் 75% வரை ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். 0.02 மில்லிஜூல் பொறி போதும், நைலான் துணியில் வரும் நிலைமின்சாரமே அதைவிட அதிகம். சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. சாதாரண அறையில் மணிக்கு 18 லிட்டர் கலந்து போவது ஆபத்தில்லை. குழாய்க்குள்ளும் மூக்கருகிலும் தான் செறிவு கூடுதல். பீடி, சிகரெட், விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. சீனாவில் கோவிட் காலத்தில் பயன்படுத்தியது 66.7% ஹைட்ரஜனும் 33.3% ஆக்சிஜனும் கலந்து தரும் மருத்துவமனைக் கருவி. அந்தக் கலவை எரிவதில்லை, வெடிக்கும். அதைப் பார்த்து வீட்டில் செய்யும் மெஷின்களில் சுடர்த்தடுப்பான்கூட இருப்பதில்லை.

உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நேர்மின்முனையில் குளோரின் வரும், அது நுரையீரலை எரிக்கும். இரண்டு முனைகளுக்கும் நடுவே சவ்வு இல்லாவிட்டால் ஹைப்போகுளோரைட்டும், சூடாகும்போது குளோரேட்டும் உருவாகும். குளோரேட் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாற்றும், செல்லை உடைக்கும், ஜி6பிடி நொதியையே முடக்கும். இருக்கிற கொஞ்ச நொதியும் போனால் என்ன மிஞ்சும்? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முனைகள் போட்டால் குரோமியமும் கரையும். நீர் மஞ்சளானால் அதுதான். காஸ்டிக் சோடா போட்டாலும் அதன் துளிகள் வாயுவோடு மூக்குக்கு வரும். சவ்வு மெஷின் என்றால் வடிநீர் மட்டும். குழாய் நீரின் கால்சியம் சவ்வை அடைத்து வோல்டேஜை ஏற்றிவிடும்.

துத்தநாகம்-ஆசிட் பற்றி மணி சொல்லட்டும். அது அவர் துறை.

குருதியியல்_மணி:

இந்தத் திரியிலேயே சிவப்பணுவுக்கு உண்மையான ஆபத்து இதில்தான் இருக்கிறது. துத்தநாகத்திலோ ஆசிடிலோ துளி ஆர்செனிக் கலந்திருந்தாலும் ஹைட்ரஜனோடு ஆர்சைன் வாயு வரும். ஆர்செனிக் விஷத்தைக் கண்டறிய 1836ல் ஜேம்ஸ் மார்ஷ் கொடுத்த சோதனை இதே வினைதான்: துத்தநாகம், ஆசிட், சந்தேகப் பொருள். ஜெர்மன் வேதியியலாளர் கேலன் 1815ல் இறந்தது ஆர்சைனால். கடைத் தரத் துத்தநாகத்துக்கும் பேட்டரி ஆசிடுக்கும் ஆர்செனிக் இல்லை என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

சிவப்பணுவை உடைப்பதில் ஆர்சைன் மிகக் கொடிய வாயு. வேலையிட வரம்பு 0.05 பி.பி.எம்., உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருப்பது 3 பி.பி.எம். பூண்டு வாசனை வரும் என்பார்கள். வாசனை தெரியும் அளவு வரம்பைவிடப் பல மடங்கு மேல், அதை நம்ப முடியாது. சுவாசித்தபோது ஒன்றும் தெரியாது. 2 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, வாந்தி, வயிற்று வலி, கருஞ்சிவப்புச் சிறுநீர், பிறகு மஞ்சள் காமாலை. ஜி6பிடி குறைபாடு உள்ளவருக்கு இது வந்தால் "ஏதோ மாத்திரையால் வந்த சிதைவு" என்று தவறாக எண்ணிவிட வாய்ப்பு அதிகம். ஆகவே வாயு சுவாசித்ததையும் அது எப்படித் தயாரானது என்பதையும் கேஷுவாலிட்டியில் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றிய குழாயில் பிளாஸ்மா சிவந்திருக்கும், கூம்ப்ஸ் சோதனை (சிவப்பணுவைத் தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது) நெகடிவ், பொட்டாசியம் ஏறும், சிறுநீரகம் அடைபடும். மாற்று ரத்தம் ஏற்றுவதும் டயாலிசிஸும்தான் வழி. ஆர்செனிக்குக்குக் கொடுக்கும் பிஏஎல் ஊசி இந்தச் சிதைவை நிறுத்தாது.

சவ்வு மெஷினில் வடிநீர் ஊற்றி எடுப்பதில் இந்த ஆபத்து இல்லை. அதைத்தான் வாங்குவது என்றால் செல்வி சொன்ன 3ஆம் நாள், 7ஆம் நாள் பரிசோதனையோடு தொடங்குங்கள். ஹீமோகுளோபின் 1 கிராமுக்கு மேல் இறங்கினாலோ சிறுநீர் நிறம் மாறினாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர் 85% அருகிலேயே நின்று, ஆக்சிஜன் கொடுத்தும் ஏறாவிட்டால் மெத்ஹீமோகுளோபின் என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் மெத்திலீன் ப்ளூ ஜி6பிடி குறைபாட்டில் கூடாது. அட்டையில் எழுதி அவர் பையிலேயே வைத்திருக்கட்டும்.

ஆய்வகம்_செல்வி:

ஒரு சிறு சேர்க்கை. மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளக்கும் கைக்கருவிகளின் மின்வேதி சென்சார் ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடாகவே எண்ணிக் காட்டும். ஹைட்ரஜன் எடுத்த சூட்டில் ஊதினால் எண் எகிறும். புகை நச்சு என்று பதற வேண்டாம், ரத்தத்தை கோ-ஆக்சிமீட்டரில் போட்டுக் கார்பாக்சிஹீமோகுளோபினை (கார்பன் மோனாக்சைடு பிணைந்த ஹீமோகுளோபின்) நேரடியாகப் பாருங்கள். குடல் பாக்டீரியாவுக்கான ஹைட்ரஜன் மூச்சுச் சோதனையும் அன்றைக்குச் செல்லாது. அதில் 20 பி.பி.எம். ஏறினாலே பாசிட்டிவ், 2% கலவை என்பது 20,000 பி.பி.எம். சோதனைக்கு முந்தைய நாளே மெஷினை நிறுத்திவிடுங்கள்.